பன்னிரண்டு பிடி, முப்பத்தைந்து படி

304 ஆட்டத்தையோ 28 ஆட்டத்தையோ பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் கூட்டாளிகள். ஒருவர் கையில் இருக்கும் சீட்டு மற்றவருக்குத் தெரியாது. கண் ஜாடை கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. இருந்தும் ஏலம் ஏறிக்கொண்டே போகிறது. ஒருவர் துணிந்து உச்சத்துக்குக் கேட்கிறார், கேட்டபடியே ஜெயித்தும் காட்டுகிறார்கள். இது வெறும் அதிர்ஷ்டமா, அல்லது நாம் கவனிக்காத ஏதோ சைகையா?

இந்தச் சந்தேகத்தை ஆராய மிகப் பொருத்தமான ஆட்டம் பிரிட்ஜ். அதில் மொத்தம் 13 பிடிகள். அவற்றில் 12 பிடிகளை நாங்களே எடுப்போம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அறிவித்து, அதன்படி எடுத்தால் அதற்குச் சிறு ஸ்லாம் என்று பெயர். பதின்மூன்றையும் எடுப்போம் என்றால் பெரு ஸ்லாம். ஒரு பிடி குறைந்தாலும் எல்லாம் போயிற்று. கூட்டாளியின் 13 சீட்டுகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஒருவர் எந்தத் தைரியத்தில் 12 என்கிறார்?

அதிர்ஷ்டமும் இல்லை, கள்ளச் சைகையும் இல்லை. மேசைக்கு வருவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட உடன்பாடுதான் அந்தத் தைரியம். மேசையில் சொல்லப்படுவது ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் முன்பே இருவர் மனத்திலும் ஏற்றப்பட்டிருக்கிறது. குறைந்த சொற்களில் நிறையச் செய்தியைக் கடத்துவது எப்படி என்ற கேள்வி தந்தி முதல் செயற்கைக்கோள் வரை பொறியாளர்களை வாட்டிய கேள்வி. அதே கேள்வியை ஒரு சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறோம்.

தேவையான அளவு விதி

நான்கு பேர், திசைகளின் பெயரால். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்குவார்கள். பெரிய சீட்டு அந்தச் சுற்றைப் பிடிக்கும். துருப்பு இனம் மற்ற எல்லாவற்றையும் வெட்டும்.

துருப்பு எது, எத்தனை பிடி என்பதை முடிவு செய்வது ஏலம். ஏலத்தில் சொல்லும் ஒவ்வொன்றையும் கேட்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேட்பில் ஓர் எண்ணும் ஓர் இனமும் மட்டுமே இருக்கும். எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள் வரும். '4 ஸ்பேட்' என்றால் ஸ்பேட் துருப்பு, 10 பிடி. '6 ஸ்பேட்' என்றால் 12 பிடி. ஒவ்வோர் எண்ணிலும் ஏறுவரிசையில் கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட், நோ-டிரம்ப் என ஐந்து. நோ-டிரம்ப் என்பது துருப்பே இல்லாத ஆட்டம். எண் 1 முதல் 7 வரை. ஆக மொத்தம் 35 படிகள் கொண்ட ஏணி. ஏறலாம், இறங்க முடியாது. கடைசியாகக் கேட்டதுதான் ஒப்பந்தம்.

இந்த முப்பத்தைந்தோடு பாஸ், எதிரியின் கேட்பை இரட்டிப்பது, அதை மீண்டும் இரட்டிப்பது என்ற மூன்றும் உண்டு. அந்த 38 சொற்களைத் தவிர ஏலத்தில் வேறு எதுவும் பேச அனுமதியில்லை.

கப்பலில் பிறந்த கணக்கு

முந்தைய வடிவமான ஆக்‌ஷன் பிரிட்ஜில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. அங்கே குறைவாகக் கேட்டுவிட்டு அதிகமாக எடுத்தாலும் ஸ்லாமுக்கான பரிசு கிடைத்துவிடும். எனவே மேலே ஏற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1925-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்ட் வாண்டர்பில்ட், 'பின்லாந்து' என்ற கப்பலில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போகும்போது புதிய மதிப்பெண் முறையை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். கேட்டதற்குத்தான் பரிசு என்பது அதன் உயிர்நாடி. கேட்காமல் எடுத்த பிடிகளுக்குச் சில்லறை மட்டும்.

அந்த ஒரு மாற்றத்தால் ஏலத்தின் தன்மையே மாறிவிட்டது. விலையை ஏற்றும் வேலையாக இருந்தது, செய்தி பரிமாறும் வேலையாக ஆயிற்று.

இன்றைய மதிப்பெண்ணில் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பரிசும் தண்டனையும் கூடுதலாக உள்ள நிலை, குறைவாக உள்ள நிலை என இரண்டு உண்டு. கூடுதல் நிலையை எடுத்துக்கொள்வோம். 4 ஸ்பேட் கேட்டு 12 பிடி எடுத்தால் 680. 6 ஸ்பேட் கேட்டு அதே 12 பிடி எடுத்தால் 1430. ஆடிய ஆட்டம் ஒன்றே, வித்தியாசம் 750. மாறாக, 11 பிடிதான் கிடைக்கும் என்றால் 4 ஸ்பேடுக்கு 650 வரும். 6 ஸ்பேடுக்கு 100 கழியும். இங்கேயும் வித்தியாசம் 750. ஆகவே சிறு ஸ்லாம் கேட்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் போதும். பெரு ஸ்லாம் அப்படியில்லை. 7 ஸ்பேட் கேட்டு எடுத்தால் 2210; ஆறோடு நின்று பதின்மூன்றையும் எடுத்தால் 1460. ஆதாயம் அதே 750. ஒரு பிடி தவறினாலோ கையில் இருந்த 1430 போய், மேலும் 100 கழிகிறது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு இருந்தால்தான் அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகும்.

ஏணியில் எவ்வளவு செய்தி கொள்ளும்?

52 சீட்டுகளிலிருந்து ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதம். இவற்றில் ஒன்று என் கையில் இருக்கிறது. அது எது என்று கூட்டாளிக்குச் சொல்ல ஏணி போதுமா?

எதிரிகள் இருவரும் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஜோடியின் ஏலம் முழுவதும் எந்தப் படிகளை மிதித்தோம், எவற்றைத் தாண்டினோம் என்பதில் அடங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் மிதித்தது, தாண்டியது என்று இரண்டே நிலை. இரண்டை 35 முறை பெருக்கினால் 3,435 கோடியே 97 லட்சத்து 38 ஆயிரத்து 368. மலைப்பாக இருந்தாலும் தேவை இதைவிடப் பெரிது. ஏணி முழுவதையும் ஒரே ஒருவரின் கையை விவரிக்கச் செலவழித்தாலும் ஒவ்வோர் ஏல வரிசையிலும் சராசரியாகப் பதினெட்டுக்கு மேற்பட்ட கைகள் அடைபட்டுக் கிடக்கும். உச்சிப் படிவரை ஏறினால் பதின்மூன்று பிடி எடுத்தாக வேண்டும் என்பது வேறு.

ஸ்லாம் உண்டா இல்லையா என்று பார்ப்பவர்கள் 5 ஸ்பேடைத் தாண்டாமல் முடிவெடுக்க விரும்புவார்கள், ஏனென்றால் அடுத்த ஸ்பேட் படி ஸ்லாமேதான். 5 ஸ்பேட் வரை 24 படிகள். அவற்றில் அமையும் வரிசைகள் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 மட்டும். அறுபத்து மூவாயிரம் கோடிக்கு மேற்பட்ட கைகளை இதற்குள் அடைக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று, தாவுவதற்கு விலை உண்டு. கூட்டாளி 1 ஸ்பேட் என்றதும் நான் 3 ஸ்பேட் என்று தாவினால் நடுவில் ஒன்பது படிகள் போகின்றன. அந்த ஒன்பதில் மட்டும் 512 விதமாக நாங்கள் பேசியிருக்கலாம். அத்தனையையும் கொடுத்து நான் வாங்கும் ஒரே செய்தி அந்த விலைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும்.

ஒரே கேள்வி, இரண்டு கைகள்

இனி ஒரு கையை விரித்துப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தின் பாரத்தை இதுதான் சுமக்கிறது. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் பரப்பிக்கொண்டு படித்தால் நல்லது.

தெற்குக்காரர் கையில்:

ஸ்பேட்: ஏஸ், ராணி, 10, 7, 4
ஆட்டின்: ராஜா, ராணி, ஜாக்கி, 10
டைமன்: 8
கிளாவர்: ராஜா, ராணி, 3

பிரிட்ஜில் கையின் பலத்தை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணுவார்கள். தெற்குக்காரரிடம் 17. அவர் 1 ஸ்பேட் என்று தொடங்குகிறார். வடக்குக்காரர் 3 ஸ்பேட் என்று தாவுகிறார். 'ஸ்பேடில் எனக்கு நான்கு சீட்டு உண்டு, பலம் 10 முதல் 12 வரை' என்பது இவர்கள் உடன்பாட்டில் அதற்குப் பொருள். ஒன்பது படிகளைக் கொடுத்து வாங்கிய செய்தி இது. துருப்பு முடிவாகிவிட்டது, பலத்தின் எல்லையும் தெரிந்துவிட்டது. வாங்கியது லாபம்தான்.

வடக்குக்காரர் கை இரண்டு விதமாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கை — ஸ்பேட்: ராஜா, ஜாக்கி, 6, 3. ஆட்டின்: 8, 6, 2. டைமன்: ஏஸ், 9, 4. கிளாவர்: ஏஸ், 8, 5.

இரண்டாம் கை — ஸ்பேட்: 9, 6, 3, 2. ஆட்டின்: 8, 6, 2. டைமன்: ஏஸ், ராஜா, ஜாக்கி. கிளாவர்: ஏஸ், 8, 5.

இரண்டிலும் பலம் 12. இரண்டிலும் நான்கு ஸ்பேட், இரண்டு ஏஸ். ஆனால் முதல் கையோடு சேர்ந்தால் ஸ்பேடில் 5 பிடி, டைமன் ஏஸ் 1, கிளாவரில் 3. ஆட்டின் ஏஸை எதிரிக்குக் கொடுத்துவிட்டால் அந்த இனத்தில் மீதி 3. கூட்டிப் பாருங்கள், 12. இரண்டாம் கையோடு சேர்ந்தால் ஆட்டின் ஏஸ் எப்படியும் போகும், கூடவே ஸ்பேடில் ராஜாவும் ஜாக்கியும் எதிரிகளிடம். ராஜா கிழக்கில் அகப்பட வேண்டும், மிச்சச் சீட்டுகளும் வசதியாகப் பிரிந்திருக்க வேண்டும். வாய்ப்பு பாதிக்கும் குறைவு. டைமன் ராஜாவும் ஜாக்கியும் அழகான சீட்டுகள்தாம்; தெற்கில் டைமனே ஒன்றுதான் என்பதால் இங்கே அவற்றுக்கு வேலையில்லை.

அதாவது, முதல் கை என்றால் ஸ்லாம் கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் கேட்கக் கூடாது. தெற்குக்காரர் எதைக் கேட்டு இந்த இரண்டையும் பிரித்தறிவார்?

பழைய வழியை 1933-இல் வகுத்தவர் இண்டியானாபொலிஸில் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஈஸ்லி பிளாக்வுட். அக்காலத்தின் முன்னணி பிரிட்ஜ் பத்திரிகை அவர் கட்டுரையை ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. முறை வாய்மொழியாகவே பரவி உலகெங்கும் போய்விட்டது. துருப்பு முடிவான பிறகு ஒருவர் 4 நோ-டிரம்ப் என்றால் அவருக்கு நோ-டிரம்ப் ஆட விருப்பம் என்று பொருளில்லை. 'உன்னிடம் எத்தனை ஏஸ்?' என்ற விசாரணை அது. பதில் படிப்படியாக வரும்: 5 கிளாவர் என்றால் ஒன்றுமில்லை அல்லது நான்கும், 5 டைமன் ஒன்று, 5 ஆட்டின் இரண்டு, 5 ஸ்பேட் மூன்று.

நம் தெற்குக்காரர் இப்படி விசாரித்தால் என்ன ஆகும்? முதல் கைக்கும் 5 ஆட்டின், இரண்டாம் கைக்கும் 5 ஆட்டின். இரண்டுக்கும் ஒரே பதில். மூன்று ஏஸ் நம் பக்கம், ஒன்று மட்டும் வெளியே என்று தெரியும். அதை நம்பி 6 ஸ்பேட் கேட்டால் முதல் கையில் வெற்றி, இரண்டாவதில் பெரும்பாலும் தோல்வி. கேள்வியே சரியில்லை. துருப்பு ராஜாவின் மதிப்பு இங்கே ஓர் ஏஸுக்குச் சமம், கேள்வியோ அதைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் கேள்வியைத் திருத்தினார்கள். நான்கு ஏஸ்களோடு துருப்பு ராஜாவையும் சேர்த்து ஐந்து சாவிச் சீட்டுகள் என்று எண்ணினார்கள். ரோமன் சாவிச்சீட்டு முறை என்று பெயர். பதில்கள் இப்படி: 5 கிளாவர் என்றால் பூஜ்யம் அல்லது மூன்று, 5 டைமன் ஒன்று அல்லது நான்கு, 5 ஆட்டின் இரண்டு, துருப்பு ராணி இல்லை, 5 ஸ்பேட் இரண்டு, துருப்பு ராணியும் உண்டு. இடமோ அதே நான்கு படிகள். ஆனால் அதே இடத்தில் துருப்பு ராஜாவும் பாதி நேரம் துருப்பு ராணியும் நுழைந்துவிட்டன. எப்படி? பூஜ்யத்தையும் மூன்றையும் ஒரே படியில் நிறுத்தியதால் இடம் மிச்சமானது.

இப்போது விசாரித்துப் பாருங்கள். இரண்டாம் கைக்காரர் 5 ஆட்டின் என்பார். தெற்குக்காரரின் ஸ்பேட் ஏஸோடு சேர்த்து மூன்று சாவிகள், இரண்டு வெளியே. அவர் 5 ஸ்பேட் என்று நிறுத்திக்கொள்வார். 11 பிடி பெரும்பாலும் கிடைக்கும்.

முதல் கைக்காரர் 5 கிளாவர் என்பார். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பூஜ்யமா மூன்றா? படி அதைச் சொல்லவில்லை. தெற்குக்காரர் தன் கையைப் பார்க்கிறார். வடக்கில் சாவிச் சீட்டு ஒன்றுகூட இல்லை என்றால் அவரிடம் என்னதான் இருக்க முடியும்? ஏஸ் எதுவும் இல்லை, ஸ்பேட் ராஜாவும் இல்லை. ஸ்பேட் ராணி, ஆட்டின் ராஜா, ராணி, ஜாக்கி, கிளாவர் ராஜா, ராணி எல்லாம் தன்னிடமே. மிஞ்சுவது ஸ்பேட் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி, டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி. கூட்டினால் 8. வடக்குக்காரரோ 3 ஸ்பேட் கேட்டபோதே குறைந்தது 10 என்று சொல்லியிருக்கிறார். ஆகவே பூஜ்யம் சாத்தியமே இல்லை. மூன்று. ஐந்தில் நான்கு சாவி நம் பக்கம். 6 ஸ்பேட்.

அந்தப் பதிலின் ஒரு பகுதி 5 கிளாவர் என்ற படியில் வந்தது; இன்னொரு பகுதி ஏற்கெனவே கேட்ட 3 ஸ்பேடிலிருந்து வந்தது; மூன்றாவது பகுதி தெற்குக்காரரின் சொந்தக் கையிலிருந்து வந்தது. பெறுபவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவைக் கணக்கில் வைத்துச் செய்தியைச் சுருக்குவது தகவல் அறிவியலின் அடிப்படை உத்திகளில் ஒன்று. பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் அதை ஏலத்திலேயே பழகிக்கொண்டார்கள்.

விசாரிப்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர்

இந்த உத்தியை எல்லை வரை இழுத்தவர்கள் உண்டு. ஒருவர் தன் கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எப்போதும் அடுத்த படியை மட்டும் கேட்பார். 'மேலும் சொல்' என்பதே அதன் பொருள். மற்றவர் படிப்படியாகத் தன் கையை முழுவதும் விவரிப்பார். இதைத் தொடர் விசாரணை எனலாம். இதில் மீதியுள்ள படிகள் 1, 2, 3, 4, 5, 6 என்று கூடக்கூட, விவரிக்க முடிந்த கைவகைகள் 1, 2, 3, 5, 8, 13 என்று கூடும். ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. கணிதத்தில் புகழ்பெற்ற ஃபிபொனாச்சி வரிசை. ஒரு படி மிச்சம் பிடித்தால் சொல்ல முடிந்தது ஏறத்தாழ 1.6 மடங்காகப் பெருகும். உடன்பாட்டை வகுப்பவர்கள் ஒரு படிக்காக மணிக்கணக்கில் வாதாடுவது இதனால்தான். நினைவில் வைக்க வேண்டிய பட்டியல் மிக நீளம் என்பதால் எல்லோருக்கும் இது ஏற்றதில்லை.

எத்தனை என்பது போதாதபோது

மேலே பார்த்த கையில் ஒரு சிறு மாற்றம் செய்வோம். தெற்குக்காரரிடம் கிளாவரில் ராஜாவும் ராணியும் இல்லை. 7, 3 என்று இரண்டு பொடிச் சீட்டுகள் மட்டும். டைமனில் 8-க்குப் பதில் ராஜாவும் ராணியும். இப்போது சாவிகளை எண்ணுவது ஆபத்து. ஐந்தில் நான்கு நம்மிடம் இருந்தும், வெளியே போனது கிளாவர் ஏஸாக இருந்து, ராஜாவும் அதோடு சேர்ந்து இருந்தால் எதிரிகள் முதல் இரண்டு பிடிகளையும் அள்ளிக்கொண்டு போவார்கள். இங்கே 'எத்தனை' என்ற கேள்வியால் பயனில்லை. 'எந்த இனத்தில்' என்று தெரிய வேண்டும்.

ஓர் இனத்தில் எதிரிகள் தொடர்ந்து இரண்டு பிடி எடுக்காதபடி தடுக்கும் சீட்டைக் காவல் என்போம். ஏஸ் முதல் காவல். ராஜா இரண்டாம் காவல். அந்த இனமே கையில் இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம், அதுவும் முதல் காவல். ஒற்றைச் சீட்டு இரண்டாம் காவல். துருப்பு முடிவான பிறகு இருவரும் மாறி மாறி, காவல் உள்ள இனங்களில் மிகக் கீழான படியைக் கேட்டுக்கொண்டே போவார்கள். 3 ஸ்பேடுக்குப் பிறகு தெற்குக்காரர் 4 டைமன் என்கிறார் என்றால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: டைமனில் காவல் உண்டு, 4 கிளாவர் என்ற கீழ்ப்படியை மிதிக்காமல் போனதால் கிளாவரில் காவல் இல்லை. வடக்குக்காரரிடமும் கிளாவர் காவல் இல்லாவிட்டால் 4 ஸ்பேட் என்று முடித்துவிடுவார். இருந்தால் மேலே போவார். மிதிக்காத படியும் பேசுகிறது. ஏலத்தில் மௌனத்துக்குச் செலவில்லை.

ஏஸையும் ராஜாவையும் ஒரே மாதிரிக் காட்டலாமா என்பதில் பள்ளிகள் பிரிந்தன. முதலில் ஏஸ்களை மட்டும் காட்டி, பிறகே ராஜாக்களுக்கு வருவது பழைய வழக்கம். 1957 முதல் உலகப் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்ற இத்தாலியின் 'நீல அணி' இரண்டு காவலையும் வேறுபாடின்றிக் காட்டும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தது. எனக்கு இத்தாலியர் வழியே சரியென்று படுகிறது. சிறு ஸ்லாமைக் கெடுப்பது ஒரே இனத்தில் போகும் இரண்டு பிடிகள். அந்த ஓட்டை எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். ஏஸ்களின் எண்ணிக்கையை 4 நோ-டிரம்ப் பிறகு பார்த்துக்கொள்ளும். பிளாக்வுட் முறை வேண்டியதற்கும் வேண்டாததற்கும் எடுத்து வீசப்படுகிறது. இரண்டு பொடிச் சீட்டுகள் உள்ள காவலற்ற இனம் கையில் இருக்கும்போது 4 நோ-டிரம்ப் கேட்பது, பதில் வந்தாலும் முடிவு செய்ய முடியாத கேள்வியைக் கேட்பது.

தாவல் எப்போதும் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. 1960-களில் அமெரிக்க ஆட்டக்காரர் டோரதி டிரஸ்காட் பரப்பிய ஒரு தாவல் உண்டு. கூட்டாளி 1 ஸ்பேட் என்றதும் 4 கிளாவர் என்று தாவினால் 'ஸ்பேடில் நல்ல ஆதரவு, கிளாவரில் ஒற்றைச் சீட்டு அல்லது ஒன்றுமில்லை' என்று பொருள். பதினொரு படிகள் போயின. ஆனால் கூட்டாளியின் கிளாவரில் 7, 5, 3 என்று இருந்தால் தன் ராஜா ராணிகள் எல்லாம் வேலை செய்யும் இனங்களில் இருக்கின்றன என்று அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிடும். கிளாவரில் ராஜா, ராணி என்று இருந்தால் அவை வீண் என்றும் புரியும். நம் உதாரணத்தில் இரண்டாம் கையின் டைமன் ராஜாவுக்கு நேர்ந்த கதி அது.

படிகள் பறிபோகும்போது

துருப்பு கிளாவர் என்றால் 4 நோ-டிரம்ப் விசாரணை கழுத்துக்கே கத்தியாகும். பதில் 5 டைமன் என்று வந்தால் 5 கிளாவரில் நிற்கும் வாய்ப்பு போய்விட்டது. சாவி போதாவிட்டாலும் ஆறுக்கு ஏறியாக வேண்டும். ஆகவே சில ஜோடிகள் விசாரணையைக் கீழே இறக்கின. துருப்பை அடுத்த மேல் இனத்தில் நான்காம் நிலையில் கேட்பதே விசாரணை: கிளாவர் துருப்பென்றால் 4 டைமன், டைமனென்றால் 4 ஆட்டின், ஆட்டினென்றால் 4 ஸ்பேட். ஜெஃப் ரூபன்ஸ் வகுத்த உடன்பாடு இது. பகுத்தறிவுக்கு மிக இசைவானது. ஆனால் அவசரத்தில் ஒருவர் மறந்து, 4 ஆட்டினை வெறும் ஆட்டின் விருப்பமாக எடுத்துக்கொண்டு பாஸ் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. புதிதாகச் சேரும் ஜோடிகள் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. 4 நோ-டிரம்புக்கும் பதிலுக்கும் நடுவே மேற்குக்காரர் 5 டைமன் என்று புகுந்தால் 5 கிளாவரும் 5 டைமனும் பறிபோயின. ஆனால் அவர் வாய் திறந்ததால் இரண்டு புதிய சொற்கள் கிடைத்தன: இரட்டிப்பும் பாஸும். ஏஸ் இல்லையென்றால் இரட்டிப்பு, ஒன்று என்றால் பாஸ், இரண்டு என்றால் அடுத்த படியான 5 ஆட்டின் என்று முன்பே பேசி வைத்திருந்தால் இழந்த இடம் அப்படியே திரும்பிவிடும். பேசி வைக்காத ஜோடிக்கு அதே பாஸ் வெறும் பாஸ்தான்.

உடன்பாடு யாருக்கெல்லாம் தெரியலாம்?

எல்லோருக்கும். பிரிட்ஜ் சட்டத்தின் மையம் இது. ஜோடிக்குள் மறைவான உடன்பாடு குற்றம். வழக்கமில்லாத பொருள் கொண்ட கேட்பு வந்தால் கூட்டாளி உடனே எச்சரிக்கை அட்டையைக் காட்ட வேண்டிய போட்டிகள் பல. எதிரி பொருள் கேட்டால் விளக்க வேண்டும். குரலின் ஏற்ற இறக்கமே செய்தியாகிவிடும் என்பதால் வாயால் கேட்பதற்குப் பதில் அச்சிட்ட அட்டைகளை எடுத்து வைக்கும் பெட்டிகள் வந்தன. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகக் கோப்பையில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கத் தொடங்கினார்கள். மேசைக்கு அடியில் கால்கள் பேசியதாக எழுந்த குற்றச்சாட்டால் அந்தப் போட்டியே பரபரப்பானது. கூட்டாளி பதில் சொல்ல நீண்ட நேரம் யோசித்தார் என்றால் அந்த யோசனையிலிருந்து எதையும் ஊகித்துப் பயன்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 38 சொற்கள் மட்டும், அவற்றின் பொருளும் நால்வருக்கும் பொது.

அப்படியானால் நம் உதாரணத்துக்கே ஒரு நிமிடம் திரும்புவோம். 5 கிளாவர் என்றால் என்ன என்று மேற்குக்காரர் கேட்கிறார். 'பூஜ்யம் அல்லது மூன்று சாவி' என்று தெற்குக்காரர் சொல்ல வேண்டும். அதோடு அவர் கடமை முடிந்தது. 'மூன்றுதான்' என்று தன் கையைப் பார்த்து அறிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது உடன்பாட்டில் இல்லை. ஒரே விளக்கம் இருவருக்கும் போனது. தெற்குக்காரருக்கு முழுப் பொருள் விளங்கியது, மேற்குக்காரருக்குப் பாதி. தெற்குக்காரர் 6 ஸ்பேட் கேட்ட பிறகு மேற்குக்காரரும் ஊகித்துவிடுவார் என்பது உண்மை. ஆனாலும் ஒரு கணம், பகிரங்கமான மொழியில் ஒரு ரகசியம் இருந்தது.

இந்தக் கணத்தை நீட்டிக்க முடியுமா என்று யோசித்தவர் கணிதவியலாளர் பீட்டர் விங்க்லர். 1983-இல் மறையீட்டியல் ஆய்விதழ் ஒன்றில் அதை எழுதினார். யோசனையின் சாரம் இது: துருப்பு ஏஸும் ராஜாவும் ஆளுக்கொன்றாக நம் இருவரிடம் இருப்பது ஏலத்தில் தெரியவந்துவிட்டது. யாரிடம் எது என்று நமக்குத் தெரியும், எதிரிகளுக்குத் தெரியாது. இனி இப்படி உடன்பாடு: ஏஸ் உள்ளவர் 5 டைமன் கேட்டால் டைமனில் காவல்; ராஜா உள்ளவர் அதையே கேட்டால் கிளாவரில் காவல். எதிரி விளக்கம் கேட்டால் இதை ஒளிவின்றி முழுவதும் சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் அவரால் பிரித்தறிய முடியாது, சாவி நம் கையிலுள்ள சீட்டு. பூட்டின் அமைப்பை ஊரறியச் சொல்லிவிட்டுச் சாவியை மட்டும் மறைத்து வைக்கும் நவீன மறையீட்டின் அதே ஏற்பாடு.

எதிரிகளுக்கு எதையும் மறைக்காததால் சட்டத்தின் எழுத்துக்கு இது ஒத்துவருகிறது. ஆனாலும் சங்கேத முறைகளுக்குப் பல போட்டிகளில் இடமில்லை. அந்தத் தடை நியாயம் என்றே நான் கருதுகிறேன். விளக்கம் கேட்கும் உரிமையை எதிரிக்குக் கொடுத்தது, கேட்டு அறிந்து அதற்கேற்ப அவர் ஆட வேண்டும் என்பதற்காக. விங்க்லரின் உடன்பாட்டில் அவருக்கு விளக்கம் முழுமையாகக் கிடைக்கும். முதல் சீட்டாக டைமனை இறக்குவதா கிளாவரை இறக்குவதா என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.